ஸ்கெல்பி பிரபுவின் கன்னிப் பேச்சு

லண்டனில், நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் சாப்பாட்டுக் கூடத்தில் நீண்ட மேசை ஒன்று இருக்கிறது. தனியாகச் சாப்பிட வருகிற பிரபு அதில்தான் உட்கார வேண்டும். அதுவும் தனக்குப் பிடித்த இடத்தில் அல்ல, கடைசியாக வந்து உட்கார்ந்தவருக்கு அடுத்த நாற்காலியில். அவர் எதிர்க்கட்சிக்காரராக இருக்கலாம், முப்பது வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவராகக்கூட இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் உப்பை நகர்த்திக் கொடுத்து நாலு வார்த்தை பேசியாக வேண்டும். இங்கே யாரும் தனித்துச் சாப்பிடக் கூடாது என்று எந்த மகராசனோ நல்லெண்ணத்தில் செய்துவைத்த ஏற்பாடு. அந்த மகராசன் க்ளைவ் ஆர்ம்ராய்டைப் பார்த்ததில்லை.

க்ளைவ் பிரபுவாகி ஏழு வாரம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் அந்த மேசையில் சாப்பிட்டார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மழை பேசினார்கள், ரயில் தாமதம் பேசினார்கள், இன்று மீன் பரவாயில்லை என்றார்கள். நீங்கள் எப்படி இங்கே வந்து சேர்ந்தீர்கள் என்று மட்டும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அதைத்தான் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டுவிட்டனவே. வங்கித் தலைவராக இருந்தவர், ஓய்வு பெற்றார், பதினோரு வருடம் கட்சிக்கு வாரி வாரிக் கொடுத்தார், பிரபு ஆனார். தொகையைக் கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் அவர் வாய்விட்டுச் சிரிக்கிற படம். ஏதோ தோட்ட விருந்தில் எடுத்த படம் அது. மனைவி ரோசலிண்ட் காதில் சொன்ன எதற்கோ அப்படிச் சிரித்தார். படத்தில் ரோசலிண்டை வெட்டிவிட்டிருந்தார்கள். பாவம், அவள் செத்தும் ஒன்பது வருடம் ஆயிற்று. பார்க்கிறவனுக்கு, மனிதர் பதவி கிடைத்த சந்தோஷத்தில் இளிக்கிறார் என்றுதான் தோன்றும்.

பதவிக்காகத்தான் கொடுத்தாரா? இதை அவரே பல தடவை தன்னிடம் கேட்டுக்கொண்டதுண்டு. ரோசலிண்டுக்கும் அவருக்கும் பிள்ளை இல்லை. அவள் போனபின் சாயங்காலம் ஆறு மணி என்பது ஒரு பெரிய மைதானம் மாதிரி வந்து நின்றது. யாராவது எங்கேயாவது கூப்பிட மாட்டார்களா என்று இருந்தது. கட்சி கூப்பிட்டது. விருந்துக்கு, கூட்டத்துக்கு, அமைச்சரோடு காலைச் சாப்பாட்டுக்கு. முதலிலேயே கொஞ்சம் கொடுத்துக்கொண்டிருந்தவர், அதற்கப்புறம் நிறையக் கொடுக்க ஆரம்பித்தார். கொடுக்கிறவரைக் கூப்பிடாமல் யாரால் இருக்க முடியும்? அவ்வளவுதான் விஷயம். இதைப் போய்ப் பத்திரிகைக்காரனிடம் சொல்ல முடியுமா?

சபையில் சேர்கிற அன்று புதுப் பிரபுவின் இரண்டு பக்கமும் பழைய பிரபுக்கள் இருவர் சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு நடந்து வர வேண்டும். மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி. மற்றவர்களுக்கு அது பழைய நண்பர், பழைய ஆசிரியர், கூட வேலை பார்த்தவர் என்று அமையும். க்ளைவுக்குக் கட்சி அலுவலகமே இரண்டு பேரை ஏற்பாடு பண்ணிக் கொடுத்தது. அதில் ஒருவர் வாசல்வரை அவரை "ஆர்ம்ஸ்ட்ராங்" என்றே கூப்பிட்டார். மேலே மாடத்தில் விருந்தினருக்கு இடம் கேட்டு வாங்கலாம். க்ளைவ் பத்து இடம் வாங்கினார். வந்தவர்கள் நான்கு பேர்: கணக்காளர், பழைய காரியதரிசி, காரோட்டி, காரோட்டியின் மனைவி. பிறகு நடந்த விருந்தில் காரோட்டியின் மனைவிதான் மனசார வாழ்த்தினாள். அவளும், "ரோசலிண்ட் அம்மா இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று விழித்தாள்.

வருவாள் என்று அவர் எதிர்பார்த்து வராதது ஒரே ஒரு ஆள். அவருடைய அக்கா டோரின்.

அவருக்கென்று உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே சொந்தம் அவள்தான். வடக்கே யார்க்ஷயரில், இருவரும் பிறந்த ஸ்கெல்பி ஊரிலேயே இருக்கிறாள். எழுபத்தாறு வயது. இருபத்தெட்டு வருடமாக அவரோடு பேசவில்லை. பிரபுவாகிறவர் தன் பெயரோடு ஒரு ஊரின் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். லண்டனில் அவர் இருக்கும் பேட்டையின் பெயரை வைக்கச் சொன்னார்கள். க்ளைவ் பிடிவாதமாக ஸ்கெல்பி என்று வைத்தார். ஊர்ப் பாசமெல்லாம் இல்லை. அக்கா அதைப் பத்திரிகையில் படிப்பாள், படித்தால் ஒரு வரி எழுதுவாள் என்று ஒரு ஆசை. அவள் எழுதவில்லை.

நடந்தது இதுதான். அப்போது க்ளைவ் வங்கியில் வடக்குப் பிரிவுக்குத் தலைவர். கிளைகளைக் குறைக்கச் சொல்லி மேலிடம் உத்தரவு போட்டது. எந்த எந்தக் கிளை என்று முடிவு பண்ணியது க்ளைவ். அறுபத்து மூன்று ஊர்ப் பெயர்கள். அதில் ஸ்கெல்பியும் ஒன்று. ஸ்கெல்பிக் கிளையின் மேலாளர் லென், டோரினின் கணவர். பதினாறு வயதில் அங்கே கடைநிலையில் சேர்ந்து, அதே கட்டடத்தில் மேலாளர் ஆனவர். கிளையை மூடுகிற கடிதங்கள் திங்கட்கிழமை போவதாக இருந்தன. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. க்ளைவ் வழக்கம்போல அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

மாட்டிறைச்சியை வாட்டி வைத்திருந்தாள் அக்கா. யார்க்ஷயர் புட்டிங், உருளைக்கிழங்கு, கிரேவி. லென் கத்தியைத் தீட்டிக்கொண்டு நின்றபடியே கேட்டார்.

"ஏம்ப்பா க்ளைவ், கிளைங்க மூடப் போறாங்களாமே. நம்ம ஊரைப் பத்தி ஏதாவது காதுல விழுந்துச்சா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே, லென்."

"சரிப்பா" என்றார் லென். தட்டில் இறைச்சியை அடுக்கினார். க்ளைவ் சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். அன்று கடுகு விழுது காரம் தூக்கலாக இருந்தது. லென் எப்போதும் அதைத் தானேதான் கரைப்பார், கண்ணில் தண்ணீர் வரும்படி.

கடிதம் போகும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது வங்கியின் விதி. விதிதான், பொய்யில்லை. சொல்லியிருந்தால் க்ளைவின் வேலையே போயிருக்கலாம். ஆனால் தெரியாது என்று சொல்லச் சொல்லி எந்த விதியும் கிடையாது. "அதை என்கிட்ட கேக்காதீங்க லென்" என்று சொல்லியிருந்தால்கூட அவர் புரிந்துகொண்டிருப்பார். இது க்ளைவுக்கு அன்று மத்தியானமே, காரில் திரும்பிப் போகும்போதே தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் இருபத்தெட்டு வருடம் தெரிந்துகொண்டே இருந்தது.

லென் அதற்குப் பிறகு ஒரு செடி நாற்றங்காலில் வேலை பார்த்தார். க்ளைவைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னதாகத் தகவல் இல்லை. பேச்சை நிறுத்தியது டோரின். நாலு வருடத்துக்கு முன்னால் லென் இறந்தபோது க்ளைவ் ஆளுயர மலர் வளையம் ஒன்றைக் காரோட்டியிடம் கொடுத்து அனுப்பினார். அதைச் சர்ச்சுக்குள் கொண்டுபோகவில்லை, வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் சாத்தி வைத்திருந்தார்கள் என்று காரோட்டிதான் வந்து சொன்னான். க்ளைவ் போகவில்லை. போகத் துணிச்சல் வரவில்லை.

இந்த நிலையில்தான் கட்சிக் கொறடாவின் அலுவலகத்திலிருந்து அந்தச் செய்தி வந்தது. கிராமங்களிலும் சிற்றூர்களிலும் வங்கிகள் மூடப்படுவது பற்றி ஒரு விவாதம். ஆர்ம்ராய்ட் பிரபு வங்கித் துறை அறிந்தவராயிற்றே, தமது கன்னிப் பேச்சை, அதாவது சபையில் முதல் பேச்சை, அதிலேயே நிகழ்த்தலாமே? யாருக்கு எங்கே வலிக்கும் என்று தெரியாமல், நல்லெண்ணத்தோடு காலை மிதிப்பதில் அந்த அலுவலகத்தை மிஞ்ச ஆளில்லை.

க்ளைவ் முதலில் மறுக்கத்தான் நினைத்தார். வாசல் காவலர் பிக்கர்ஸ்டாஃப் இருந்தார், வெள்ளைக் கழுத்துப் பட்டையும் கறுப்பு வால் கோட்டும் போட்டு, எந்தப் பிரபுவின் குடை எது என்பதுவரை அறிந்த மனிதர். கோட்டை மாட்டும்போது க்ளைவ் அவரிடம் பேச்சுவாக்கில் கேட்டார்.

"கன்னிப் பேச்சுன்னா ரொம்பக் கஷ்டமா, பிக்கர்ஸ்டாஃப்?"

"அதை மாதிரி சுலபம் ஒண்ணுமே இல்லைங்க பிரபுவே. நீங்க பேசி முடிக்கிறவரை ஒருத்தரும் எழுந்து வெளிய போக மாட்டாங்க. குறுக்க பேச மாட்டாங்க. எதிர்க்கேள்வி கிடையாது. அடுத்துப் பேசறவர் கண்டிப்பா உங்களைப் பாராட்டியாகணும். எனக்கெல்லாம் வீட்ல அப்படி ஒரு வாய்ப்பு கெடச்சா விடவே மாட்டேன்."

கோட்டு மாட்டும் கொக்கியில் க்ளைவின் பெயர் எழுதியிருந்தது. ஒவ்வொரு பிரபுவுக்கும் ஒரு கொக்கி, அதில் வாளைத் தொங்கவிட இளஞ்சிவப்பு நாடா. வாள் வைத்திருந்தவர்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, நாடா மட்டும் இருக்கிறது. க்ளைவ் அந்த நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றார். குறுக்கே பேச மாட்டார்கள். எழுந்து போக மாட்டார்கள். இங்கே சொல்லிவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

அன்றைக்கே அக்காவுக்கு எழுதினார். "சபையில் பேசப் போகிறேன். லென் பற்றிப் பேசுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றியும். நீ மாடத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வா, டோரின்." எட்டு நாள் பதில் இல்லை. ஒன்பதாம் நாள் ஒரு தபாலட்டை வந்தது. ஸ்கெல்பிப் பாலத்தின் படம். பின்னால் அக்காவின் சாய்ந்த எழுத்து.

"வர்றேன். சாப்பாடு வேண்டாம், கையில எடுத்துட்டு வந்துடுவேன். அஞ்சு மணி ரயிலுக்குத் திரும்பணும்."

அந்த அட்டையை அவர் எத்தனை தடவை படித்தார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். நீண்ட மேசையில் பக்கத்தில் இருந்த ஒருவரிடம், "வியாழக்கிழமை எங்க அக்கா வர்றாங்க" என்று தானாகவே சொன்னார். "நல்லது. அன்னைக்கு மழை வராதாம்" என்றார் அவர்.

பேச்சை ஒரு வாரம் எழுதினார். கொறடா அலுவலகம் அனுப்பிய மாதிரியைக் கிழித்துப் போட்டார். தொடக்கத்தில் வழக்கப்படி காவலர்களுக்கும் சிப்பந்திகளுக்கும் நன்றி. பிறகு ஸ்கெல்பி. பிறகு லென். கடைசியில் மூன்று சின்ன வாக்கியங்கள். "அவர் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னேன்." இந்த மூன்றையும் எழுத மட்டும் நாலு நாள் பிடித்தது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். வீட்டில் யாரும் இல்லை, குரல் நன்றாகவே வந்தது.

வியாழக்கிழமை டோரின் வந்தாள். பச்சை மழைக்கோட்டு, தட்டையான செருப்பு, தோளில் ஒரு துணிப்பை. க்ளைவ் மனத்தில் இருந்த அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. வாசலில் பையைச் சோதனைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த கிழவியை முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு அவரைத் தெரிந்தது.

"இளைச்சுப் போயிட்டே" என்றாள்.

"நீ அப்படியே இருக்கே."

"உளறாதே. எங்க உக்காரணும், காட்டு."

மாடத்துப் படிக்கட்டுவரை கொண்டுபோய் விட்டார். கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தார். அதற்குள் அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்துவிட்டாள்.

சபையில் சிவப்புத் தோல் இருக்கைகள் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தன. கன்னிப் பேச்சு என்றால் கொஞ்சம் கூட்டம் சேரும். க்ளைவ் எழுந்தார். நிமிர்ந்து பார்த்தால் மாடத்தின் முன்வரிசையில் பச்சைக் கோட்டு தெரிந்தது. நன்றி சொன்னார். ஸ்கெல்பியைப் பற்றிச் சொன்னார். பாலம், சந்தை நாள், வங்கியின் பித்தளைக் கைப்பிடி. லென் அதைத் தினமும் தன் கைக்குட்டையால் துடைப்பார் என்றபோது இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள், அன்பாகத்தான். அந்தச் சிரிப்புதான் அவரைக் கெடுத்தது. எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரித்து எத்தனை நாளாயிற்று! முகங்கள் இவர் பக்கம் திரும்பியிருந்தன, இளகியிருந்தன. மூன்று வாக்கியங்கள் காகிதத்தின் கடைசியில் காத்துக்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார். வாய் வேறு எதையோ சொன்னது.

"அந்த மேலாளர் என் சொந்தக்காரர். முந்தின நாள் அவர் வீட்டில் சாப்பிட்டேன். அலுவல் விதிகள் என் வாயைக் கட்டியிருந்தன. வாழ்நாளெல்லாம் அதற்காக வருந்துகிறேன்."

உட்கார்ந்துவிட்டார். "நன்று, நன்று" என்று நாலு பக்கமும் முனகல் எழுந்தது. சொல்லிவிட்டோமா, சொல்லவில்லையா? பாதி சொன்னோம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். மாடத்தைப் பார்க்கவில்லை.

அடுத்து எழுந்தவர் ஸ்டாபிள்ஃபோர்ட் பிரபு. எண்பத்தைந்து வயது, நல்ல மனிதர். பாராட்டை முந்தின நாளே எழுதி வைத்திருந்தார் போலிருக்கிறது. க்ளைவைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பிரபுக்கள் விவரப் புத்தகத்தில் இருந்த நாலு வரிதான்.

"மேன்மைமிகு பிரபு ஆர்ம்ராய்டின் நகைச்சுவை ததும்பும் பேச்சை இந்தச் சபை நெடுநாள் மறக்காது. அவர் மீன்பிடிப்பதில் வல்லவர் என்று அறிகிறேன். இன்று நம் எல்லோரையுமே தூண்டிலில் பிடித்துவிட்டார்!"

சபை சிரித்தது. க்ளைவ் தலை குனிந்து நன்றி தெரிவித்தார். தூண்டிலைத் தொட்டுப் பத்து வருடம் ஆகிறது. அதற்கப்புறம் பேசியவர்களும் போகிற போக்கில் ஆளுக்கொரு பூவைத் தூவினார்கள். நெகிழ்ச்சி, நேர்மை, இதம். நேர்மை என்ற சொல்லைக் கேட்டபோது க்ளைவுக்குச் சட்டைக்குள் வியர்த்தது.

மூன்று பேச்சு முடியும்வரை மரியாதைக்கு உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து வந்து அக்காவைத் தேநீர்க் கூடத்துக்குக் கூட்டிப் போனார். ஜன்னலுக்கு வெளியே தேம்ஸ் நதி பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. போகிற வருகிற பிரபுக்கள் மேசைப் பக்கம் நின்று கை குலுக்கிவிட்டுப் போனார்கள். "பிரமாதம், ஆர்ம்ராய்ட்." "அருமை." டோரின் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். வெளிச் சாப்பாடு கூடாது என்று யாரும் தடுக்கவில்லை.

"எல்லாரும் உன்னை ரொம்பத்தான் புகழறாங்க" என்றாள்.

"அது இங்க வழக்கம், டோரின். யார் பேசினாலும் அப்படித்தான்."

"ஓகோ. மோசமாப் பேசினாலுமா?"

"மோசமாப் பேசினாலும்."

"நல்ல ஏற்பாடுதான்." தேநீரை ஆற்றினாள். அவள் கைவிரல் முட்டிகள் வீங்கியிருந்தன. எப்போதிருந்து இப்படி, யார் டப்பா மூடிகளைத் திறந்து தருகிறார்கள், ஒன்றும் தெரியாது க்ளைவுக்கு.

"க்ளைவ். நான் இவ்வளவு தூரம் வந்தது ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான். சண்டை போட வரலை, அதுக்கெல்லாம் வயசில்லை. அன்னைக்கு லென் கேட்டப்போ உனக்குத் தெரியுமா, தெரியாதா? உள்ள பேசின மாதிரி வேண்டாம். என்கிட்ட சொல்லு."

இருபத்தெட்டு வருடமாக அவர் காத்துக்கொண்டிருந்த கேள்வி. கேட்டவள் அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டாள், அவளிடம் கோபமே இல்லை. சொல்லிவிட்டால் போதும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. வாயைத் திறந்தார்.

"டோரின், அது வந்து..."

சுவரில் இருந்த சின்னத் திரையில் பெயர் மாறியது. உள்ளே யார் பேசுகிறார்கள் என்று ஒவ்வொரு கூடத்திலும் அந்தத் திரை காட்டும். அமைச்சர் பதிலுரைக்கு எழுந்துவிட்டார். அதே நேரம் பிக்கர்ஸ்டாஃப் ஓசைப்படாமல் வந்து பக்கத்தில் குனிந்தார்.

"பிரபுவே, அமைச்சர் ஆரம்பிச்சுட்டாருங்க. கொறடா உங்களைத் தேடறாங்க."

விவாதத்தில் பேசியவர் பதிலுரையின்போது சபையில் இருந்தே ஆக வேண்டும். பேசிவிட்டுப் போய்விட்டான், மேட்டிமை பிடித்தவன் என்று பெயராகிவிடும். அதிலும் கன்னிப் பேச்சுக்காரர். இன்றுதான் நாலு பேர் கை குலுக்கியிருக்கிறார்கள். க்ளைவ் பாதி எழுந்துவிட்டார்.

"இருபது நிமிஷம்தான் டோரின். நான் உள்ள இல்லைன்னா ரொம்பத் தப்பாயிடும். இங்க அது..."

"வழக்கம்" என்றாள் டோரின்.

"ஆமா. வந்து சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன். இங்கயே இரு."

அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது, எங்கே என்று அப்போது தெரியவில்லை.

"சரிப்பா" என்றாள். "போயிட்டு வா."

அமைச்சர் இருபத்திரண்டு நிமிடம் பேசினார். அரசு இந்தப் பிரச்சினையை உன்னிப்பாகக் கவனித்துவருகிறது என்றார். ஆர்ம்ராய்ட் பிரபுவின் பேச்சைத் தாமும் ரசித்ததாகச் சொன்னார். தூண்டில் பற்றிய நகைச்சுவையை இன்னொரு தடவை சொன்னார், சபை இன்னொரு தடவை சிரித்தது. க்ளைவ் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரியும் டோரின். தெரிஞ்சுதான் இல்லைன்னு சொன்னேன். எவ்வளவு சின்ன வாக்கியம்! முடிந்ததும் கிட்டத்தட்ட ஓடினார்.

மேசையில் அவள் இல்லை. நாற்காலி ஒழுங்காக உள்ளே தள்ளப்பட்டிருந்தது. ஒரு சாசரில் பாதி சாண்ட்விச், வெள்ளைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தது. பிக்கர்ஸ்டாஃப் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"இப்பதாங்க கிளம்பினாங்க. நான் வண்டி பிடிச்சுத் தர்றேன்னேன், பஸ்ஸே போதும்னுட்டாங்க. இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க."

அன்றைய நிகழ்ச்சி நிரல் தாள். அதன் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது.

"க்ளைவ், லெனுக்குச் சனிக்கிழமையே தெரியும். உன் ஆபீஸ்ல டைப் பண்ற பொண்ணு இந்த ஊர்க்காரி, அவ போன் பண்ணிச் சொல்லிட்டா. நீ மனசுக்குள்ள வெச்சுக்கிட்டுக் கஷ்டப்படுவே, நாமளே கேட்டா உனக்குச் சொல்றதுக்குச் சுலபமா இருக்கும்னுதான் அவர் கேட்டார். நீ இல்லைன்னதும் சரிப்பான்னு சொல்லி உனக்கு ரெண்டாவது தடவையும் வெச்சார். கிளை மூடினதுக்காக நான் உன்கிட்ட பேச்சை நிறுத்தலை. இன்னைக்கு நானும் அவர் மாதிரிதான் கேட்டேன். பாதி உனக்கு வெச்சிருக்கேன். சாப்பிடு. டோரின்."

க்ளைவ் சாண்ட்விச் பொட்டலத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பஸ் நிறுத்தத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சுற்றுலாக்காரர்களும்தான் நின்றார்கள். பச்சைக் கோட்டு ஒன்று தெரிந்தது, அது வேறு யாரோ. ரயில் நிலையத்துக்குப் போனால் பிடித்துவிடலாமா? மணி ஐந்தாகப் போகிறது. அவளிடம் கைபேசி கிடையாது, அவள் வீட்டு எண்ணும் அவரிடம் இல்லை. இத்தனை வருடத்தில் அதைக்கூடத் தெரிந்து வைத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் நடைபாதையில் நின்றார். பிறகு உள்ளே வந்தார். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

சாப்பாட்டுக் கூடம் அப்போதுதான் திறந்திருந்தது. நீண்ட மேசையில் ஒரே ஒருவர், ஸ்டாபிள்ஃபோர்ட் பிரபு, சூப்பு குடித்துக்கொண்டிருந்தார். வழக்கப்படி க்ளைவ் அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாங்க வாங்க. இன்னைக்கு அமர்க்களப்படுத்திட்டீங்க."

"நான் அங்க உண்மையைச் சொல்லலை" என்றார் க்ளைவ். "எனக்கு முன்னாடியே தெரியும். அவர் கேட்டப்போ தெரியாதுன்னு பொய் சொன்னேன். அவருக்கு நான் பொய் சொல்றதும் தெரிஞ்சிருக்கு."

ஸ்டாபிள்ஃபோர்ட் கரண்டியைக் கீழே வைத்தார். அந்த மேசையில் அப்படிப்பட்ட பேச்சுக்கு என்ன பதில் சொல்வது என்று எண்பத்தைந்து வருடத்தில் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"ஆனா ரொம்ப அழகாப் பேசினீங்க" என்றார் கடைசியில். "இன்னைக்குச் சூப்பு நல்லாருக்கு, கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

க்ளைவ் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெளியே இருந்து கொண்டுவந்ததை அந்த மேசையில் யாரும் சாப்பிட்டதில்லை. பரிமாறுகிறவர் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போனார். வாட்டிய மாட்டிறைச்சி, கனமாக அரிந்தது, உள்ளே மஞ்சளாகக் கடுகு விழுது. லென் கரைக்கிற அதே பக்குவம். ஒரு வாய் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, வந்துகொண்டே இருந்தது, துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

ஸ்டாபிள்ஃபோர்ட் மெதுவாகத் தன் கைக்குட்டையை நீட்டினார்.

"கடுகு காரம் அதிகமோ?"

"இல்லை" என்றார் க்ளைவ். "கடுகு இல்லை."

ஸ்டாபிள்ஃபோர்ட் தலையை ஆட்டினார். பிறகு திரும்பி, ஆறிக்கொண்டிருந்த சூப்பைக் குடிக்க ஆரம்பித்தார்.